வளரும் நாடுகளில் இயற்கை வேளாண்மை: எங்கே பலன் தந்தது, எங்கே சரிந்தது, ஏன்

இயற்கை வேளாண்மையால் உலக மக்கள் அனைவருக்கும் சோறு போட முடியுமா என்ற கேள்விக்கு இரு தரப்பினரும் ஆளுக்கோர் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். பல நாட்டு ஒப்பீடுகளைத் தொகுத்து 2012இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, ரசாயனம் தவிர்த்த சாகுபடியின் மகசூல் பயிருக்கும் நிலத்துக்கும் ஏற்ப 5 முதல் 34 விழுக்காடு வரை குறைவாக இருப்பதாகக் கண்டது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பும் வர்த்தக வளர்ச்சி அமைப்பும் இணைந்து வெளியிட்ட அறிக்கையோ, ஆப்பிரிக்காவின் 24 நாடுகளில் 114 திட்டங்களைப் பரிசீலித்து, இயற்கை வழிக்கோ அதை ஒட்டிய வழிக்கோ மாறிய இடங்களில் மகசூல் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்ததாகத் தெரிவித்தது. ஒன்று உண்மையென்றால் மற்றது பொய் என்று இவற்றைப் படிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இரண்டுக்கும் இடையே உண்மையில் முரண் இல்லை, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு வயல்களை ஒப்பிடுகின்றன.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இயற்கை வயலுக்குப் பக்கத்தில் நிற்பது பரிந்துரைத்த அளவு முழுவதும் உரமிட்டு, களைக்கொல்லி தெளித்து, இயந்திரத்தால் பராமரிக்கப்படும் வயல். அதனோடு போட்டியிட்டால் மகசூல் குறைவது இயல்பு. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பக்கத்து வயல் எதுவும் இடப்படாத வயல். உலக சராசரி ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கும் மேல் இருக்க, அங்கே உரப் பயன்பாடு 20 கிலோ அளவில்தான் நிற்கிறது. 2006இல் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2015க்குள் அதை 50 கிலோவாக உயர்த்துவதாக உறுதி எடுத்தார்கள், அது நிறைவேறவில்லை. துறைமுகத்தில் இறங்கும் மூட்டை உள்நாட்டுச் சாலைகளைக் கடந்து கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் விலை ஏறிவிடுகிறது; கடன் கிடைப்பதில்லை; மழை பொய்த்தால் போட்ட பணம் திரும்புவதில்லை. இப்படி எதுவுமே இல்லாத நிலத்தில் தொழுவுரமும் மட்கு உரமும் பயறு வகை ஊடுபயிரும் நுழையும்போது விளைச்சல் கூடாமல் இருந்தால்தான் வியப்பு. 114 திட்டங்களின் முடிவுகளும் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் கிடைத்தவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றுக்குப் பயிற்சியும் நிதியும் கூடவே வந்தன.

ஆகவே, இயற்கை வேளாண்மை ஏழை நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்த வயலுக்கு இதுவரை எவ்வளவு சத்து எங்கிருந்து வந்தது, இனி எவ்வளவு எங்கிருந்து வரப்போகிறது, அந்த மாற்றத்தைச் செய்யும் அறிவு உழவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டால், வெற்றிகளும் தோல்விகளும் ஒரே கணக்கில் விளங்கும்.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள சிறு பண்ணைகளில் நடந்ததை முதலில் பார்க்கலாம். அங்கே மக்காச்சோளத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்டுத் துளைப்பான் புழு. மற்றது நம் ஊர்ச் சோளக்கொல்லைகளில் சுடுமல்லி என்று அறியப்படும் வேர் ஒட்டுண்ணிக் களையின் இனம். ஊதா நிறப் பூவோடு அழகாக நிற்கும் அந்தச் செடி மண்ணுக்குள் பயிரின் வேரைப் பற்றிச் சாற்றை உறிஞ்சிக்கொள்வதால், கண்ணுக்குத் தெரிந்து பிடுங்கும் நேரத்தில் பயிர் பாதி அழிந்திருக்கும். நைரோபியைத் தலைமையகமாகக் கொண்ட பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையமான இசிபேயில், இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஜியாவுர் ரகுமான் கானும் அவருடைய குழுவினரும் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற படரும் பயறு இனச் செடியை விதைப்பது, வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை வேலிபோல நடுவது என்பதே அது. டெஸ்மோடியம் அந்துப்பூச்சியை வயலைவிட்டு விலக்குகிறது. விலகும் பூச்சி ஓரத்துப் புல்லில் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழுக்களில் பெரும்பாலானவை புல்லின் பசையில் சிக்கிச் சாகின்றன. கூடவே டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு ஒட்டுண்ணியின் விதையை முளைக்கத் தூண்டி, முளைத்ததைப் பயிரின் வேரைப் பற்றவிடாமல் அழிக்கிறது. காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்ப்பதும், இரண்டு செடிகளுமே மாட்டுத் தீவனமாவதும் இதற்கு மேல் கிடைப்பவை.

ஹெக்டேருக்கு 1 டன் அளவில் கிடந்த மகசூல் இந்த முறையில் 3.5 டன் வரை உயர்ந்ததாக அந்த மையம் கணக்கிட்டிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதைக் கைக்கொண்டுள்ளன. அவர்களில் சிலர் கொஞ்சம் ரசாயன உரமும் இடுகிறார்கள் என்பதால் இதை முழு இயற்கை வேளாண்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பணம் கொடுத்து வாங்கும் மருந்து செய்ய வேண்டிய வேலையை இரண்டு செடிகளின் சேர்க்கையிடம் ஒப்படைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் 1996இல் நான்கு கிராமச் சமூகங்களோடு தொடங்கிய முயற்சியும் இதே வகையைச் சேர்ந்தது. மரம் அழிந்து, மண் அரித்து, கல் மட்டும் மிஞ்சிய மலைச்சரிவுகள் அவை. அங்கே முதலில் செய்யப்பட்டது உரம் தயாரிப்பது அல்ல. சரிவுகளில் மண்வரப்புகளும் கல்வரப்புகளும் கட்டி, கால்நடையை அவிழ்த்துவிடாமல் கட்டித் தீனி போடுவது என்று ஊரே கூடி விதி வகுத்துக்கொண்டதுதான். மேய்ச்சல் நின்றதும் புல்லும் செடியும் வளர்ந்தன. மழைக்காலம் முடியும் தறுவாயில், பச்சை மிகுந்திருக்கும்போதே, அவற்றை வெட்டிச் சாணத்தோடு குழியில் இட்டு மட்கச் செய்தார்கள். 2000 முதல் 2006 வரை எடுக்கப்பட்ட அளவீடுகளில், மட்கு இட்ட வயல்களில் எதுவும் இடாத வயல்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விளைந்தது. பெரும்பாலான பயிர்களில் ரசாயன உரமிட்ட வயல்களையும் அது விஞ்சியது. கடனுக்கு உரம் வாங்கி, மழை தவறினால் கடனாளியாகும் நிலையிலிருந்து அந்தக் குடும்பங்கள் மீண்டதை மகசூல் எண்ணைவிடப் பெரிய பலனாகவே கருதுகிறேன்.

வறிய உழவருக்கு இயற்கை வேளாண்மை தரும் முதன்மையான பலன், கையிலிருந்து போகும் ரொக்கம் குறைவதுதான். மத்தியப் பிரதேசத்தின் கார்கோன் பகுதியில் சுவிட்சர்லாந்தின் ஃபிபிள் ஆய்வு நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் நீண்டகாலப் பரிசோதனையில், பருத்தி சார்ந்த இயற்கைச் சாகுபடியின் மகசூல் தொடக்க ஆண்டுகளில் குறைவாகவே இருந்தது. ஆனால் செலவும் கணிசமாகக் குறைந்ததால் கையில் நின்ற லாபம் மற்ற முறைகளை நெருங்கியது. மகசூலை மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வட்டிக்கு வாங்கி விவசாயம் செய்பவருக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதற்கு முன்னால், பயிர் கருகினால் எவ்வளவு கடன் தலையில் நிற்கும் என்ற கேள்வி இருக்கிறது.

இன்னொரு பலன் உடலைச் சார்ந்தது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மீது ஆண்டுக்கணக்கில் வான்வழியே எண்டோசல்பான் தெளிக்கப்பட்டதன் விளைவுகளை அங்குள்ள குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த மருந்தைத் தடை செய்தது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திச் செடிகளுக்கு நடுவே, முகமூடியோ கையுறையோ இல்லாமல், வெயிலில் வியர்த்த உடம்போடு தெளிப்பான் சுமந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். நுகர்வோரின் தட்டில் உள்ள நஞ்சைப் பற்றி நகரங்களில் அதிகம் பேசப்படுகிறது; தெளிப்பவரின் நுரையீரலுக்கு அந்தப் பேச்சில் இடமே கிடைப்பதில்லை.

பூச்சிமருந்தைக் குறைத்தால் விளைச்சல் சரியும் என்ற அச்சத்துக்கு இந்தோனேசியா எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1984இல் அரிசித் தன்னிறைவு கண்ட அந்நாட்டில், அடுத்த இரண்டு ஆண்டுகளிலேயே புகையான் பூச்சி பரவி வயல்வயலாகக் கருக்கியது. அரசே பெரும் மானியத்தில் பூச்சிமருந்தைக் கொடுத்துவந்த காலம் அது. புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் அந்த மருந்துகள் கொன்றுவிடுவதும், தண்டுக்குள் முட்டையிடும் புகையான் தப்பித்து மீண்டும் பெருகுவதுமே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள். 1986 நவம்பரில் சுகார்த்தோ அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989க்குள் மானியமும் நிறுத்தப்பட்டது. மருந்துப் பயன்பாடு குறைந்தது. நெல் உற்பத்தி குறையவில்லை. ஓர் ஆணையால் இது சாதிக்கப்பட்டதாகத் தோன்றலாம். ஆணைக்குப் பின்னால் வயல்வெளிப் பள்ளிகள் நின்றன. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் உழவர்கள் வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, எது பகை எது நட்பு என்று படம் வரைந்து, மருந்தடிக்க வேண்டுமா என்று தாங்களே முடிவு செய்யப் பழகினார்கள். 1990களின் முடிவுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் பயின்றார்கள். அந்தத் தடை உரத்தைத் தொடவில்லை என்பதும் முக்கியம். பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேலையை இயற்கை உடனே எடுத்துக்கொள்ளும். சத்துக் கொடுக்கும் வேலையை அது அவ்வளவு விரைவாக ஏற்பதில்லை.

இலங்கையில் 2021இல் நேர்ந்தது இந்த வேறுபாட்டைக் கவனியாததால் வந்தது. 2019 அதிபர் தேர்தல் அறிக்கையில் கோட்டாபய ராஜபக்ச 10 ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இயற்கை வேளாண்மைக்கு, மாறுவதாக வாக்களித்திருந்தார். 10 ஆண்டு என்பது நியாயமான கால அளவு. ஆனால் 2021 மே மாதம் வெளியான வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் ரசாயனப் பசளைகளின் (உரங்களின்) இறக்குமதியையும் பூச்சிகொல்லி, களைகொல்லிகளின் இறக்குமதியையும் ஒரே நாளில் தடுத்தது. கொரோனாவால் சுற்றுலா முடங்கி, அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பசளை இறக்குமதிக்கு மட்டும் 2020இல் ஏறத்தாழ 26 கோடி டாலர் செலவாகியிருந்தது. அறிவிப்பில் மண்ணும் மக்கள் நலமும் பேசப்பட்டாலும் டாலர் பற்றாக்குறையே அவசரத்தின் காரணம் என்பதை மறைக்க இயலவில்லை.

மாற்றத்துக்கான தேவை அங்கே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வட மத்திய மாகாணத்தில் காரணம் திட்டவட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான கமக்காரரை, அதாவது உழவரை, வாட்டுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிட அளவுக்கு மீறி இடப்பட்ட பசளை சுண்ணாம்புக்கல் நிலத்தின் வழியே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றின் (நைட்ரேட்டின்) அளவைக் குடிநீருக்கு ஏற்ற வரம்புக்கு மேலே கொண்டுபோயிருக்கிறது. கமக்காரரும் மாற்றத்தை எதிர்க்கவில்லை. தடை வந்த சில வாரங்களில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய கணிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சேதன விவசாயக் கொள்கையை ஆதரித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்கும் மேல் அவகாசம் கேட்டார்கள். சேதனப் பசளை பற்றித் தமக்குப் போதிய அறிவு இருப்பதாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. இந்த மூன்று விவரங்களையும் அரசு படித்திருந்தால் போதும், பின்னால் நடந்தது நடந்திருக்காது.

சத்துக் கணக்கு இதைவிடக் கறாரானது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. நன்கு மட்கிய தொழுவுரத்தில் அரை விழுக்காடு அளவுதான். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் யூரியா நாலைந்து மூட்டையில் முடிந்துவிடும். தொழுவுரமாகக் கொடுக்க 20 டன் வேண்டும், அதிலும் ஒரு பகுதியே முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். இலங்கையின் முதன்மை நெல் பருவமான பெரும்போகத்தில் 7 லட்சம் ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டாலும் 1 கோடியே 40 லட்சம் டன் எரு, அதை ஏற்றிச் செல்ல வண்டி, இறைக்க ஆள் என்று அத்தனையும் ஒரே பருவத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டையோ மணிலா அகத்தியையோ விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் இந்தத் தேவையின் பெரும்பகுதியை வயலிலேயே விளைவித்துவிடலாம் என்பதும் உண்மைதான். அதற்கு நாடு முழுவதற்குமான விதை முன்கூட்டியே பெருக்கப்பட்டிருக்க வேண்டும். நடவுக்கு 45 நாள் முன்பே வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்பட வேண்டும். அதாவது நீர்ப்பாசனத் துறையின் நாட்காட்டியே மாற வேண்டும். 10 ஆண்டுத் திட்டம் இத்தனையையும் செய்திருக்கக்கூடும். ஆறு மாதத் தடையால் எதையும் செய்ய இயலவில்லை.

சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை, தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, அதற்கும் டாலரில் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் பசியோடு நின்றது. 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு அதை இறக்குமதி செய்தது. இலங்கைப் பொருளாதாரம் வீழ்ந்ததற்கு 2019 வரிக்குறைப்பும் கடன் சுமையும் கொரோனாவும் முதற்காரணங்கள். பசளைத் தடை மட்டுமே நாட்டைக் கவிழ்த்தது என்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் உலகெங்கும் இயற்கை வேளாண்மை என்றாலே இலங்கையைச் சுட்டிக்காட்டி வாயடைக்கும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது. நல்ல நோக்கத்தோடு உழைத்துவந்த எத்தனையோ உழவர் இயக்கங்களுக்கு அதனால் நேர்ந்த பின்னடைவு வருத்தத்துக்குரியது.

கியூபாவை இதற்கு எதிர்ச்சான்றாகச் சிலர் காட்டுவார்கள். சோவியத் ஒன்றியம் சரிந்ததும் உரமும் டீசலும் வராமல் போன அந்நாடு காளைகளை ஏரில் பூட்டியது. ஹவானா நகரின் காலி மனைகளில் காய்கறிப் பாத்திகள் அமைத்தது. முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளையும் பூச்சியைத் தாக்கும் பூஞ்சைகளையும் வளர்க்கும் சிறு கூடங்களை ஊர்தோறும் நடத்தியது. காய்கறியில் அது பெரிய சாதனை. ஆனால் அரிசியும் கோதுமையும் உள்ளிட்ட உணவுத் தேவையின் பெரும்பகுதிக்கு கியூபா இன்றும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. நெருக்கடியில் பிழைத்ததற்கான சான்று அது. தானியத் தன்னிறைவுக்கான சான்று அல்ல. 2003இல் தீர்மானம் இயற்றி, 2016 தொடக்கத்தில் முழு இயற்கை மாநிலமாக அறிவிக்கப்பட்ட சிக்கிம் அவசரப்படாமல் 13 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது பாராட்டுக்குரியது. அங்கே உரப் பயன்பாடு முன்பே மிகக் குறைவு, பயிர்களில் முதன்மையானவை ஏலக்காய், இஞ்சி, மஞ்சள், உண்ணும் அரிசி பெரும்பாலும் சிலிகுரி வழியே வெளியிலிருந்து வருவது என்பதையெல்லாம் மறந்து அதைத் தஞ்சைக்கோ பஞ்சாபுக்கோ முன்மாதிரியாக வைக்க முடியாது.

நமக்கு நெருக்கமான, அளவிலும் பெரிய முயற்சி ஆந்திரத்தில் நடக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தின் புனுகுலா கிராமம் பூச்சிமருந்தைக் கைவிட்டதும், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் வழியே அந்த முறை ஊர் ஊராகப் பரவியதும் அதற்கு முன்வரலாறு. 2016 முதல் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் இயற்கை வேளாண்மையை மாநிலத் திட்டமாக எடுத்துச் செல்கிறது. அதிகாரி வந்து வகுப்பெடுப்பது என்ற வழக்கத்தை விட்டு, ஏற்கெனவே மாறி வெற்றி கண்ட உழவரையே ஊதியம் கொடுத்துப் பயிற்சியாளராக்கியதுதான் இதன் உயிர்நாடி. பக்கத்து ஊர்ப் பெண் தன் வயலைக் காட்டிச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு வரும் நம்பிக்கை வேறு எந்தத் துண்டறிக்கையாலும் வராது. கோடை மழைக்கு முன்பே பல வகைத் தானியங்களையும் பயறுகளையும் களிமண்ணும் சாணமும் பூசி உருண்டையாக்கி வறண்ட நிலத்தில் விதைத்து, ஆண்டு முழுவதும் மண்ணைப் பச்சையாக மூடிவைக்கும் முறை அனந்தப்பூர் போன்ற வறண்ட மாவட்டங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு 2024இல் குல்பென்கியன் மனிதநேயப் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

ஆயினும் கேள்விகள் தீரவில்லை. 60 லட்சம் உழவரை 2024க்குள் மாற்றுவது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் திட்டத்தில் இருந்தவர்கள் 10 லட்சம் அளவில்தான். அறிவியல் தரப்பின் ஐயமும் நியாயமானது. தமிழ்நாட்டு உழவர்களும் நன்கறிந்த ஜீவாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்போரத்து மண் ஒரு கைப்பிடி என்று கலக்கி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிளறிவிட்டு ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சுகிறோம். அந்தச் சாணத்தில் உள்ள தழைச்சத்து 50 கிராமைத் தாண்டாது. நுண்ணுயிர்களைப் பெருக்கும் உறைமோராக அது வேலை செய்யலாம். உறை குத்துவதற்குப் பால் வேண்டும். அந்தப் பால், மண்ணை மூடிவைக்கும் வைக்கோலும் சருகுமான மூடாக்கிலிருந்தும் பசுந்தாள் உரத்திலிருந்தும் பயறுப் பயிரிலிருந்தும்தான் வர வேண்டும். ஊடுபயிரும் மூடாக்கும் சேர்த்துச் செய்பவர்கள் வெற்றி பெறுவதும், கரைசலை மட்டும் தெளித்தவர்கள் இரண்டாம் ஆண்டில் சலித்துத் திரும்புவதும் இதனால்தான். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பல தானிய விதைப்பையும் மூடாக்கையும் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதை, பின்னால் வந்த பலர் புட்டியில் அடைத்த கரைசல் வியாபாரமாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

நிலம் யாருடையது என்பதும் இதில் நுழைகிறது. மண் தேறுவதற்கு மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆந்திரத்திலும் காவிரிப் படுகையிலும் சாகுபடி செய்பவர்களில் பெரும் பகுதியினர் எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாய்வார்த்தைக் குத்தகைதாரர்கள். அடுத்த ஆண்டு அதே வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் அதில் எதற்காக எருவைக் கொட்டுவார்? களைக்கொல்லி இல்லாத வயலில் களையெடுக்கும் பாரம் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது. கூலி கொடுத்தாலும் நடவு, களை நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை. குத்தகைப் பதிவும் களைக்கருவியும் இயற்கை வேளாண்மைக் கொள்கையின் பகுதியாக எழுதப்படுவது அரிது.

விளைந்ததை விற்கும் இடத்திலும் இடர்ப்பாடு உண்டு. சான்று பெற்ற இயற்கை உற்பத்தியாளர் எண்ணிக்கையில் உலகில் இந்தியா முதலிடத்திலும் உகாண்டா அதற்கு அடுத்தும் இருக்கின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சந்தையோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. மாறும் காலமான இரண்டு மூன்று ஆண்டுகளில் மகசூலும் குறையும், சான்றும் கிடைக்காது என்பதால் அந்த இடைவெளிதான் பலரைத் திருப்பி அனுப்புகிறது. சிறு உழவர் தனித்தனியே சான்றுச் செலவைத் தாங்க முடியாததால் குழுவாகச் சான்று பெறும் ஏற்பாடு வந்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, குழு சட்டப்படி பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும் என்று வரையறுத்ததால், பெரிய குழுக்கள் உடைந்து பதிவும் கணக்கும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. உள்ளூர்ச் சந்தைக்கு, உழவர்களே ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி அளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைந்தது. இந்தியாவிலும் பிரேசிலிலும் அதற்கு அரசு ஏற்பும் இருக்கிறது. காப்பியும் கொக்கோவும் எள்ளும் ஏற்றுமதியாவது நல்லதுதான். எனினும் ஏழை நாட்டின் இயற்கை வேளாண்மை அந்நாட்டுச் சத்துணவுக் கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் தானியம் தரும்படி வளர்வதே அதன் உண்மையான வாய்ப்பு என்று நம்புகிறேன்.

அந்த வாய்ப்பு பணத்தின் ஒதுக்கீட்டில் தெரிய வேண்டும். இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. அந்த விலையில் வாங்க முடியும்போது தக்கைப்பூண்டு விதை தேடி அலைவதற்கு உழவருக்குக் காரணம் இல்லை. உக்ரைன் போரால் உலக விலை எகிறிய 2022-23இல் அந்த விலையைக் காப்பாற்ற ஒன்றிய அரசு உர மானியமாக ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய் செலவிட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மாநிலங்களின் பங்கையும் சேர்த்து ஒதுக்கப்பட்டது 2,481 கோடி. அதாவது அந்த ஓராண்டு மானியத்தில் நூற்றில் ஒரு பங்கு. மானியத்தைத் திடீரென நிறுத்தச் சொல்லவில்லை. அது இலங்கை சென்ற பாதை. அதிலிருந்து ஆண்டுதோறும் சிறு பகுதியைப் பசுந்தாள் விதைப் பெருக்கத்துக்கும், ஊர்ப் பயிற்சியாளரின் ஊதியத்துக்கும், மாறும் மூன்றாண்டுகளின் வருமான இழப்பை ஈடுகட்டவும் திருப்பிவிட முடியும். இயக்கத்தின் அந்த ஒதுக்கீட்டில் 7.5 லட்சம் ஹெக்டேரில் சாகுபடியை மாற்றி, 10,000 இடுபொருள் மையங்களை நிறுவி, 1 கோடி உழவரைச் சென்றடைய வேண்டும் என்பது இலக்கு. ஓர் உழவருக்கு அது 2,500 ரூபாய்கூட ஆகவில்லை. விதையும் பயிற்சியும் கண்காணிப்பும் அனைத்தும் அதற்குள்.